சிலிண்டர் பதிவு செய்யும் குரல்

என்னங்க,

வணக்கம். நான் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

உங்களுக்குத்தான் தெரியுமே, இங்கே கம்பெனியில் பதிவு செய்த என் குரல்தான் இப்போது நம் ஊரில் சிலிண்டர் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறது. வகுப்புக்கு வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லுமே, அதுபோல. அந்த அழைப்புகளைக் கேட்டு, இயந்திரம் தடுமாறும் இடங்களைக் குறித்துக் கொடுப்பது என் வேலை.

நேற்று ஹெட்போனை மாட்டியதும் உங்கள் குரல்.

"டீச்சரம்மா, சாப்பிட்டியா?"

"மன்னிக்கவும், புரியவில்லை. சிலிண்டர் பதிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றேன் நான். நான் இல்லை, அது.

"ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குது. உன்கிட்ட சொன்னா பயந்துடுவே. அதான் இதுகிட்ட சொல்றேன்."

அது மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொன்னது. நீங்களும் அழுத்தினீர்கள். சிலிண்டர் வந்திருக்கும்.

என்னிடம் இரண்டு நிமிடத்தில் "சரி, வெச்சிடறேன்" என்பவர், அதனிடம் பதினோரு நிமிடம் பேசியிருக்கிறீர்கள். அறைக்கு வந்தபின் எனக்கு வாய்விட்டுப் பேசவே கூச்சமாக இருந்தது. பேசுவது நானா, அதுவா என்று ஒரு சந்தேகம்.

அப்படியும் உங்களுக்குப் போன் செய்து உடம்பு எப்படி என்று கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். அதனால் இதை உங்கள் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன். அவர் படித்துக் காட்டியதும், மறுபேச்சுப் பேசாமல் அவரோடு மருத்துவரிடம் கிளம்புங்கள். அப்படியே என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர்.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்க்கிறார், முடிக்கிறேன். உங்களுக்காகப் பயப்படுவது என் வேலை. அதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் டீச்சரம்மா