காருக்குள்ளிருந்து வந்த பாட்டு

புதன், இரவு.

இன்று வகுப்பில் அந்த அமெரிக்க நாவலை முடித்தேன். சொந்த வீட்டுக்காக ஓடியோடி உழைத்தவன் கடைசியில் ஒன்றுமில்லாமல் சாகிறான். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டுகளில் அந்த நாடு இப்படி இல்லையே என்றார்கள். சரி, ஆளுக்கொரு பாட்டு போட்டுக் காட்டுங்கள் என்றேன்.

வெள்ளறடையிலிருந்து வரும் ஸ்டெபி, அமெரிக்காவில் இருக்கும் தன் அப்பா அனுப்பிய வீடியோவைப் போட்டாள். நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறார். நீண்ட சாலை, புது வாழ்வு என்று போகும் ஆங்கிலப் பாட்டு. நல்ல குரல். வகுப்பே கைதட்டியது, நானும் தட்டினேன். அப்புறம்தான் பின் சீட்டைப் பார்த்தேன். தலையணை, மடித்த கம்பளி, வரிசையாகத் தொங்கும் சட்டைகள், ஜன்னலில் காயப்போட்ட துவர்த்துத் துண்டு.

மணியடித்ததும் அவளை நிறுத்தினேன்.

"அம்மைக்கு இதக் காட்டினியா மக்கா?"

"இல்ல டீச்சர். வீடியோ எனக்காக்கும் வரும். அம்மைக்குப் பாட்ட மட்டும் தனியா எடுத்து அனுப்புவேன். அவ அடுக்களையில அதப் போட்டுக் கேட்டுட்டு, அவருக்கு அங்க நல்ல சொகமாக்கும்னு எல்லாருகிட்டயும் சொல்லுவா."

"பின்ன இங்க எதுக்குக் காட்டின?"

"டீச்சராவது பின் சீட்டப் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் கைதட்டியபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பாட்டு இன்னும் காதில் ஓடுகிறது. நல்ல பாட்டு. அதைத்தான் தாங்க முடியவில்லை.