முழுச் சத்தம் வைத்த போன்

தை 20, செவ்வாய்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. மகள் போனில் பேசுவது எனக்குக் கேட்காது. கேட்டதுபோல் சிரித்து வைப்பேன். அது தெரிந்து, காது மந்தமானவர்களுக்கென்று சத்தம் கூட்டுகிற, வயர் இல்லாத போனை அவளே வாங்கி அனுப்பினாள்.

இன்று அவள் கூப்பிட்டபோது, காப்பிக் கொட்டை காயும் களத்தில் நின்று முழுச் சத்தம் வைத்தேன். இரைச்சல்தான் கூடியது, பேச்சு புரியவில்லை. வழக்கம்போல், "மாப்பளைய சோறாக்கப் பழக்கிட்டியா கண்ணு?" என்று சிரித்தேன்.

களத்தின் அந்தக் கோடியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, புள்ள அழுகுதுங்க! மாப்பள ஊட்டை உட்டுத் தொரத்திட்டாராமா. நீங்க சிரிக்கறீங்க!"

அதற்குள் மகள் வைத்துவிட்டாள்.

இனி எந்தப் போனாலும் ஆகப்போவதில்லை. அதைக் கொட்டைக் குவியலில் போட்டுவிட்டு, கொட்டையை வாரி மூட்டைகளைத் தைத்தேன். ஒன்பது மூட்டை. போன் அதில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. மணி அடிக்கிறதாம், மனைவி சொல்கிறாள்.