கல்கிசையில் பத்தடி தள்ளி

என் செல்லத் தம்பி சுதன்,

உனக்கு இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. உன் படத்துக்கு மாலை போட அம்மா இன்றுவரை விடவில்லை. காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கு அந்தப் படத்தோடு ஏறி இறங்குவதையும் நிறுத்தவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகத் திரும்பி வராதவனுக்கு வேறு எப்படி எழுதுவது? இறந்தவனுக்கு எழுதுவதாக நினைத்தே எழுதுகிறேன். உயிரோடு இருந்தால் வந்து என்னோடு சண்டை பிடி.

நேற்றுப் பின்னேரம் கல்கிசைக் கடற்கரைக்குப் போனேன். கனடாவிலிருந்து கொழும்புக்கு வரும்போதெல்லாம் வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டோடு நின்றுவிடுவேன். இந்த முறை மகன் ஆரன் விடவில்லை. உனக்கு ஒரு மருமகன் இருக்கிறான், தெரியுமா? வயது பத்தொன்பது, நீ போனபோது உனக்கிருந்த அதே வயது. கண்ணாடிக்கு முன்னால் அவன் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் உன்னைத்தான் உரித்து வைத்திருக்கிறான்.

வெள்ளைக்காரர்கள் வெயிலில் கிடந்து அவித்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு ரஷ்யப் பெண் பொறுமையாக உட்கார்ந்து, தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னுவித்துக்கொண்டிருந்தாள். கொம்பனித்தெருவிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் தாய் அபாயாவோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் கத்திச் சிரித்தாள். குடைகளுக்குள் காதலர்கள். மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி விற்பவர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டு இங்கிலீஷில் விலை சொன்னார். நானும் சுற்றுலாப் பயணியாகிவிட்டேனாம்! இதைக் கேட்டால் நீ என்னை ஒரு வாரம் வைத்துப் பகிடி பண்ணியிருப்பாய்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத்தான், முதுகுப்பக்கம் பத்தடி தள்ளி நீ வந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அம்மாவும் நீயும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜ் அறையில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்துக் கிடந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். வெளியே போகுமுன், தமிழர் என்று தெரியாமலிருக்கப் பொட்டை அழித்துவிடுவேன். இரண்டு பேர் போனால் பத்தடி இடைவெளி விட்டு நடப்பதும், ஒருவரைப் பிடித்தால் மற்றவர் தெரியாதவர் போல விலகிப் போய் வீட்டில் சொல்வதும் அந்த லொட்ஜில் எல்லோருக்கும் வழக்கம். எனக்கு அதைச் சொல்லித்தந்தது நீதான்.

"அக்கா, என்னைப் பிடிச்சா நீ நிண்டு பார்க்காத. ரெண்டு பேரும் உள்ள போனா அம்மாவுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

அன்று இதே கடற்கரையில், ரயில் பாதையைக் கடக்கும்போது சீருடைக்காரர் மூன்று பேர் உன்னை மறித்தார்கள். நான் நடந்தேன். அதில் ஒருவன் என்னையும் நிறுத்தி, உன்னைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டான். தெரியாது என்றேன். உன்னை வாகனத்தில் ஏற்றும்வரை நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தில் இருந்தது கோபமா, நிம்மதியா?

அறைக்குப் போய் அம்மாவிடம் சொல்வதுதானே நீ சொல்லித்தந்தது? அதையும் நான் செய்யவில்லை. அந்தச் சொல்லைச் சொன்ன வாயால் வேறெதையும் சொல்ல வரவில்லை. "தம்பி தனியப் போனவன், எங்க எண்டு தெரியாது" என்றேன். அதையே இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா உன்னைக் கண்டுபிடித்திருப்பாளா?

நேற்று ஆரன் தண்ணீரில் இறங்கப் போனான். ஒரு பொலிஸ்காரர் விறுவிறு என்று அவனிடம் வந்தார். அவ்வளவுதான். என் கால்கள் தாமாக மறுபக்கம் நடக்கத் தொடங்கிவிட்டன. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, தம்பி!

"அம்மா! இவர் என்ன சொல்லுறார்? எனக்கு விளங்கேல்லை!" என்று அவன் கடற்கரை முழுக்கக் கேட்கத் தமிழில் கத்தினான்.

திரும்பி ஓடினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு "மகே புதா! மகே புதா!" என்று, என் மகன் என்று, அந்தப் பொலிஸ்காரரின் முகத்துக்கு நேரே கத்தினேன். பாவம், மனிதர் பயந்துபோனார். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் குளிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். பிறகு எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும். அண்டைக்கு உன்ர சட்டைக் கரை முழுக்கக் கடல் மண். அடுத்தநாள் விடியவே கடற்கரைப் பக்கமெல்லாம் போய்க் கேட்டுத் திரிஞ்சனான்."

"பிறகேன் என்னட்டக் கேக்கேல்லை, அம்மா?"

"கேட்டா நீ உடைஞ்சு போவாய். ஒண்டாவது மிஞ்சட்டும் எண்டு பேசாமல் இருந்தனான்."

அவள் மடியில் விழுந்து அழுதேன். என் தலையைத் தடவிக்கொண்டே அம்மா கேட்டாள். "நாளைக்கு என்னோட கந்தோருக்கு வருவியோ? பிடிச்சதைக் கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு ஒவ்வொருமுறையும் கேக்கினம். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறனான்."

உன்னைத் தேடிப் போன இடத்திலெல்லாம் அம்மா என்னை மறைத்திருக்கிறாள், சுதன்.

இன்று காலை போகிறோம். ஆரனும் வருகிறான், அவனும் கேட்கட்டும். உன் படத்தைக் காட்டி, இவன் உங்களுக்கு யார் என்று கேட்பார்கள். உன் பெயரை, நீ போட்டிருந்த நீலச் சட்டையை, உன்னை ஏற்றிய வாகனத்தின் நிறத்தை, தெரியாது என்று நான் சொன்னதை, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
வதனி அக்கா