மத்தியானம் வரைக்கும் தாங்கும்

இன்று காலை தொழிற்சாலை பஸ்ஸில் யாரோ தைலம் தேய்த்திருந்தார்கள். பினாங்குப் பாலத்தில் ஏறும்போது அந்த நெடி வந்தது. சட்டென்று நீ எப்போதும் உட்காரும் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள்.

உனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. பாகான் டாலாமில் ஏறியதுமே நெற்றியில் தைலம் தடவிக்கொள்வாய். பாலம் தொடங்கியதும் கண்ணை மூடுவாய். தீவு வந்ததும் திறப்பாய். "ஜெபமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லடி, சும்மா மூச்சைப் பாக்குறேன். மனசு அடங்கும், காதும் கண்ணும் தெளிவா இருக்கும். மத்தியானம் வரைக்கும் தாங்கும்லா. அதுக்கு மேல நான் பழைய ராட்சசிதான்."

அது பொய்யில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு உன்னிடம் வாய்கொடுக்க எங்கள் வரிசையில் எல்லாருக்கும் பயம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாயுக் கசிவு அபாயமணி அடித்ததும் ஒரு காலை நேரத்தில்தான். வேலை தொடங்கிக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. வெள்ளை அங்கியும் முகமூடியுமாக எல்லாரும் வெளியே ஓடி, மோட்டார் நிறுத்துமிடத்தில் குவிந்தோம். கண்ணைத் தவிர எதுவும் தெரியாததால் யார் யாரென்றே புரியவில்லை. நாங்கள் 'காக்', அதாவது அக்கா, என்று அழைக்கும் மேற்பார்வையாளர் பெயர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். உள்ளே விட்டுவந்த கைப்பையை நினைத்து நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

நீ மட்டும் அசையாமல் நின்றாய். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போனாய்.

"காக், யாத்தி வரல."

யாத்தி எங்களோடு வேலை செய்த இந்தோனேசியப் பெண். "வந்துட்டா. கூப்பிட்டப்ப பதில் சொன்னாளே" என்றார் மேற்பார்வையாளர்.

"அது அவ குரல் இல்ல. யாரோ பேரைத் தப்பாக் கேட்டு பதில் சொல்லியிருக்காங்க."

அதே பதில் என் காதிலும்தான் விழுந்தது. எனக்கு அதில் ஒன்றுமே தோன்றவில்லை. மேற்பார்வையாளர் தயங்கினார். நீ குரலை உயர்த்தாமல் அதையே திரும்பச் சொன்னாய். மீட்புக் குழுவினர் முகக்கவசத்தோடு உள்ளே போனார்கள். கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் இருவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொருள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்திருக்கிறாள். உயிர் இருந்தது. பிழைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "உன் தியானம் ஒரு உயிரைக் காப்பாத்திருச்சுடி" என்றேன்.

"வாயை மூடு!" என்று சீறினாய். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா என்னாயிருக்கும்?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். அன்று காலை கண்மூடி இருந்ததால்தான் உனக்கு அது கேட்டதா, இல்லை உன் சுபாவமே அப்படியா, எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் பாலத்தில் மறுபடி கண்ணை மூடினாய். "அடங்குனது தீந்துபோனா திரும்ப உக்கார வேண்டியதுதான்" என்றாய்.

ஆனால் பின்னாளில் ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில், நுரையீரலில் நீர் கட்டிக் கிடந்தபோது உன்னால் அப்படி உட்கார முடியவில்லை. "கொஞ்சம் கண்ணை மூடிப் பாரேன்டி" என்றேன்.

"மூச்சைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. நீ உக்காரு. நான் உன்னைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

எனக்கு அது பழக்கமே இல்லை. ஆனாலும் கண்ணை மூடினேன். மூடியிருக்கும்போதே நீ போய்விடுவாயோ என்று பயமாக இருந்தது. உன் மூச்சை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை என்னால் விழுங்கக்கூட முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. "எனக்கும் கொஞ்சம் அடங்குச்சுடி" என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இப்போது வேலைக்குக் கிளம்புமுன் சமையலறை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். என் மூச்சைப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. அன்று கேட்ட உன்னுடையதைத்தான் மனதுக்குள் கேட்கிறேன். ஒன்று முடிகிறது. அடுத்தது வருமா என்று காத்திருக்கிறேன். வருகிறது. அப்புறம்தான் எழுந்து கதவைப் பூட்டுகிறேன்.