ஹையர் பாஸ் செய்தவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை

போன வாரம் ஆதாரில் முகவரி மாற்றத் திருவொற்றியூரில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கீபோர்டை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கு எரிச்சல். எனக்கோ அது பழகிய சத்தம். என் முறை வந்ததும், ஏன் இப்படி ஓங்கி அடிக்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். அவளுடைய அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தாராம், சின்ன வயதில் அங்கேதான் பழகினாளாம். வந்த வேலையை அரைகுறையாக முடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் உன்னை முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு சத்தம் போதும்.

ராயபுரத்தில் நம் ஆபீஸ், துறைமுகத்துக்கு வந்து போகிற சரக்குக்கெல்லாம் சுங்கத்துக்குப் பேப்பர் தயார் செய்து கொடுக்கிற இடம். நீ டைப்பிஸ்ட், நான் டெஸ்பாட்ச். தாளுக்குத் தாள் கார்பன் வைத்து அடிக்க வேண்டும், கடைசித் தாளிலும் எழுத்து தெளிவாக விழ வேண்டும். அதனால் நீ அடித்தால் மேஜையே ஆடும். துறைமுகத்தில் கிரேன் ஓடுகிற சத்தம்கூட இவ்வளவு இல்லை என்று முதலாளி கிண்டல் செய்வார். உன் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். படகு கரையில் கிடக்கிற நாட்களில் உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பில் பாஸ் செய்ததை மட்டும், பில் கொடுக்க வந்த லாரி டிரைவரிடம்கூடச் சொல்லிவிடுவாய். நான் லோயரிலேயே தவறி, அந்தப் பக்கமே போகாதவள். "நீ கைய வெச்சாலே மெஷினுக்குப் பேஜாராவுதுமே" என்று சிரிப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தச் சிரிப்புக்குச் சனி பிடித்தது. இனிமேல் எல்லாப் பேப்பரும் கம்ப்யூட்டரில்தான் போக வேண்டும் என்றார்கள். முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு, அரசாங்க அங்கீகாரம் உள்ள சான்றிதழ் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் இங்கே நாற்காலி என்று சொல்லிவிட்டார். சந்துக்குச் சந்து முளைத்திருந்த சென்டர்களில் கொடுக்கிற பளபளப்புத் தாள் எல்லாம் செல்லாதாம். நான் பயந்துபோய் வெளியே வந்தேன். நீயோ, தட்டச்சு தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் என்ன பெரிய வித்தையா என்று கேட்டாய்.

ஆபீஸ் விட்டதும் தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர் அறைக்குள் நுழையும்போது நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாய். சொல்லிக்கொடுத்த பையன் நம்மைவிட மிகவும் சின்னவன். நீ அடிக்கிற அடியைப் பார்த்து அவன் முகம் சுருங்கும், மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சுவான். பிறகு இருப்பதிலேயே பழைய கீபோர்டை உனக்கென்று ஒதுக்கிவிட்டான். அதைக்கூட நீ பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாய்.

பரீட்சையில்தான் அது நடந்தது. நீ பழகிய மெஷினில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனியாகக் கீயே கிடையாது. ஆங்கிலத்தில் சின்ன 'எல்' எழுத்தை அடித்தால் அதுதான் ஒன்று. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்த அதிகாரியும் கேட்டதில்லை. உன் விரல் காலமெல்லாம் அங்கேதான் போய்ப் பழகியிருந்தது. சரக்குப் பட்டியலை அடித்துக் கீழே கூட்டுத்தொகை வரவழைக்க வேண்டும் என்பது கேள்வி. எழுத்தைக் கம்ப்யூட்டர் எப்படிக் கூட்டும்? ஒன்றுக்குப் பதில் 'எல்' விழுந்த எண்களையெல்லாம் விட்டுவிட்டு மீதியைக் கூட்டிக் காட்டியது. நீ மனதுக்குள் கூட்டிப் பார்த்தாய், மெஷின்தான் தப்பு என்று முடிவு செய்தாய். அது காட்டியதை அழித்துவிட்டு உன் கூட்டலை அடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாய். எந்தப் பழக்கமும் இல்லாத நான் எப்படியோ பாஸ். நீ ஃபெயில்.

ரிசல்ட் வந்த அன்று சென்டர் படியிறங்கும்போது என்னிடம் கேட்டாய். "கூட்டு சரியாத்தானமே கீது? நான் இன்னாத்துக்கு ஃபெயிலு?"

என்ன காரணம் என்று அந்தப் பையன் மறுநாள் விளக்கினான். அதைவிட ஆபீஸில் நடந்ததுதான் உன்னை அறுத்தது. இத்தனை வருஷம் டைப் அடித்தவள் ஃபெயிலா என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். அடுத்த பரீட்சை வரைக்கும் பார்க்கலாம், அப்புறம் வேறு ஆள்தான் என்றும் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயம் உனக்கு இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் உன்னோடு கூடவே நடந்தவள் என்பதால் எனக்குத் தெரியும், வேலையைவிட அந்த ஒரு சொல்தான் உன்னைத் தூங்கவிடவில்லை. கடற்கரைப் பக்கம் யாராவது சும்மா 'ஃபெயில்' என்று பேசினால்கூடத் திரும்பிப் பார்ப்பாய்.

அதற்கப்புறம் வலது கை மோதிர விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாய். விரல் 'எல்' பக்கம் போகும்போது உறுத்த வேண்டுமாம். தினமும் ஒன்று, பதினொன்று, நூற்றுப் பதினொன்று என்று அடித்துப் பழகினாய். பையனே போதும்மா என்பான். உனக்குச் சோறு இறங்காமல் போனது அந்த நாட்களில்தான். கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தவள் நான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் கனவு கண்டால் கண் மஞ்சளாகத்தான் ஆகும் என்று சிரித்து மழுப்பினாய். விடியற்காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தாய், யாரிடமோ மந்திரித்துக் கயிறும் கட்டிக்கொண்டாய். நான் சண்டை போட்ட அன்று சொன்னாய்: "பரீட்ச முடியட்டும்மே. இப்ப லீவு போட்டா, ஃபெயிலானவ பயந்துகினு ஓடிட்டான்னு சொல்வாரு."

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு தாளுக்காகவா என்று எத்தனையோ முறை உன்னிடம் மனதுக்குள் கத்தியிருக்கிறேன். அந்தத் தாள் இல்லாமல் உன்னை உட்காரவிட மாட்டேன் என்றவர்மேலும்தான் கோபம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது பரீட்சையை எழுதிவிட்டு வந்தாய். இந்த முறை கூட்டலைக் கம்ப்யூட்டரே சரியாகப் போட்டது என்றாய். மறுநாளே வயிறு வீங்கி உன்னைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க வந்தபோதெல்லாம் ரிசல்ட்டைத்தான் கேட்டாய். நானும் சென்டருக்கு நடையாய் நடந்தேன். தபாலில்தான் வரும், காத்திருங்கள் என்றார்கள். நீ காத்திருக்கவில்லை. மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னை வைத்துவிட்டுத் திரும்பும்போது, பத்தாவது முடித்திருந்த உன் மகள் என் கையை விடவே இல்லை.

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்து உன் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார், அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாக்கிச் சம்பளம் கேட்கவோ மகளுக்கு வேலை கேட்கவோ வந்திருப்பார் என்று நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார், கணக்குப் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று ஆரம்பித்தார். உன் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கவரிலிருந்து, தபாலில் வந்த அந்தச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்கு எழுத்து தெரியாது, தபால்காரர்தான் படித்துச் சொன்னாராம். தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அவ ஃபெயிலு இல்ல சார். அத்தச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

படகுக்காரர்கள் யார் வந்தாலும் உட்கார்ந்தபடியே பேசுகிற முதலாளி எழுந்து நின்றார். தாளை இரண்டு கையாலும் எடுத்து, மேலிருந்து கீழ்வரை படித்தார். இங்கேயே கண்ணாடி போட்டு மாட்டட்டுமா என்று கேட்டார். நீங்கள் படித்ததே போதும் என்று சொல்லி உன் வீட்டுக்காரர் அதைத் திரும்ப வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டார். வாசல்வரை நான் போனேன். அவரே சொன்னார்: "பொண்ணுக்குக்கூட இன்னும் காட்டல தங்கச்சி. மொதல்ல இங்கதான் கொண்டாந்தேன்." சொல்லிவிட்டுக் காசிமேட்டுப் பக்கம் நடந்தார்.

உன் இடத்தில் அப்போதே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நானும் சில வருஷத்தில் அந்த ஆபீஸை விட்டுவிட்டேன். இன்றைக்கும் யாராவது உன்னைப் பற்றிக் கேட்பார்கள். நல்லவள், பாவம், சின்ன வயதிலேயே போய்விட்டாள் என்று நான் ஆரம்பிப்பதில்லை. கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸ் செய்தவள் என்றுதான் முதலில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.