ஓட்டுநர் தேர்வுத் தாளில் என் மகளைப் பற்றிய ஒரு வரி

அனுப்புநர்:
பா. கிளாரன்ஸ்,
லேத் பட்டறை ஃபோர்மேன் (ஓய்வு),
அடுகோடி, பெங்களூரு.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: என் மகள் டீனாவின் தேர்வுத் தாளில் உள்ள குறிப்பை நீக்கி, மறுதேர்வு தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டீனாவுக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம் உள்ளவள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பேருந்து நெரிசலில் யாராவது இடித்துவிட்டால் அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடாது. அதனால்தான் கார் ஓட்டக் கற்றாள்.

2. கடந்த ஜனவரி 9ஆம் தேதி நடந்த தேர்வில், பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. டீனா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பயிற்சியாளர் ஆதிகேசவன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. ஆய்வாளர் ‘தேறவில்லை’ என்று எழுதியது நியாயம். ஆனால் அதன் கீழே, ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’ என்றும் கன்னடத்தில் எழுதியிருக்கிறார். என் புகார் அது ஒன்றுதான்.

3. என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்றால் தேர்வுக்கே விடமாட்டார்கள் என்று ஆதிகேசவன் சொன்னதைக் கேட்டு, மருத்துவச் சான்றிதழைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் பூசை முடிந்த கையோடு, தெரு காலியாக இருக்கும்போதுதான் அவளை ஓட்டவைத்தேன். நிம்மதியாகப் பழகட்டும் என்று நினைத்தேன். நாற்பது வருடம் பட்டறை இரைச்சலில் இருந்த எனக்கு, ஹாரன் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. இதை நினைத்து வருந்தாத நாளில்லை.

4. அந்தத் தாளை எனக்கு முன்பே டீனா படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “டாடி, நான் கைய எடுத்தது தப்பு. ஃபெயில் கரெக்ட். இத எதுக்கு எழுதினாங்க?”

5. ஆகவே, ‘தேறவில்லை’ என்பதை அப்படியே விட்டு, அந்த வரியை மட்டும் நீக்கித் தரவேண்டுகிறேன். அவள் நெரிசலான சாலையில் பழகி, மருத்துவரும் தகுதி என்று எழுதித் தந்த பிறகு, மறுதேர்வுக்கு அனுமதியுங்கள். அன்று ஆய்வாளரிடம் அவள் நிலையை முன்கூட்டியே சொல்லவும், அவர் ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் தரவும் ஏற்பாடு செய்யுங்கள். அப்போதும் தேறாவிட்டால் தேறவில்லை என்றே எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

6. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. இத்துடன் உள்ள கன்னடப் படியை எழுதியவள் டீனா. இரண்டாம் பத்தியில் உள்ள அந்த வரியை நான் விட்டுவிடச் சொன்னேன். மனுவில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று, அதையும் தன் கையாலேயே எழுதினாள்.

இடம்: பெங்களூரு
நாள்: 03.02.2025

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
பா. கிளாரன்ஸ்

இணைப்பு: தேர்வுத் தாள் நகல், மருத்துவச் சான்றிதழ், கன்னடப் படி.