ரொசால்பாவின் சிவப்புச் சட்டை

12 மார்ச் 2006

ரொசால்பா எனக்குப் போன் எடுத்தாள். மேடையேறி இருபது வருடமாம், ஜூனில் இங்கேயே மொன்றியலில் பெரிய கச்சேரி. தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த கொலம்பியாக்காரி, கொலர் தைத்தபடியே பாடுவாள், ஏச்சும் வாங்குவாள். இன்று பதினொரு இசைத்தட்டு. அவள் பாட்டுக்கு ஆடாத தென்னமெரிக்க நாடு இல்லை.

முதல் மேடைக்கு நான் தைத்த சிவப்புச் சட்டையைத்தான் இதற்கும் போடுவாளாம்!

2 ஏப்ரல்

இல்லையாம். இசைத்தட்டுக் கம்பனி பாரிசிலிருந்து ஒரு வடிவமைப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறது. என் சட்டையைப் புரட்டிப் பார்த்து, உள்ளே ஏன் இவ்வளவு துணி மிச்சம் என்று சிரித்தாராம். சாறி பிளவுஸ் தைக்கிறவளைக் கேட்டால் சொல்வாள். உடம்பு ஒரே மாதிரியா இருக்கும்?

3 ஏப்ரல்

இன்னும் எரிச்சல்.

17 ஜூன்

இன்றிரவு கச்சேரி. பின்னேரம் நான்கு மணிக்கு ரொசால்பா அழுதுகொண்டு போன். மூட்டு வலி மருந்தில் இரண்டு கிழமையாக உடம்பு ஊதிவிட்டது. பாரிஸ் சட்டை பூட்டுப்படவில்லை, பிரித்துவிட அதில் துணியும் இல்லை. "மாக்கிரட், பழைய சட்டை என் கையில் இருக்கு. வா."

மகள் ஜெசிக்கா கார் ஓட்டினாள். மேடைக்குப் பின்னால் இருந்து சட்டையின் இரண்டு பக்கமும் பிரித்தேன். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் இருந்தது, என் தெய்வமே! பூட்டுப்பட்டது. ஆனால் வெளித்துணி மங்கிப்போய், உள்ளே இருந்தது மட்டும் கடுஞ்சிவப்பு — இடுப்போரம் இரண்டு கோடு.

"தெரியுதே," என்றேன்.

"தெரியட்டும்," என்றாள்.

மூன்றாவது பாட்டுக்குப் பிறகு கையைத் தூக்கி அந்தக் கோட்டைக் காட்டினாள். இதைத் தைத்தவள் மாக்கிரட், இதே ஊர் செயின்ட்-மிஷேல் பகுதிக்காரி, என் முதல் ரசிகை என்றாள். அவ்வளவு சனமும் கை தட்டியது. நான் அழுதேன். ஜெசிக்கா விசிலடித்தாள்.

8 நவம்பர் 2008

அருங்காட்சியகத்தில் ரொசால்பாவின் பாட்டு வாழ்க்கையைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். நடுவில் என் சட்டை, கடுஞ்சிவப்புக் கோடு முன்பக்கம் தெரிய. அட்டையில் பிரெஞ்சில் என் பெயர். அம்மா ஒஃபிசில் வேலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த ஜெசிக்கா அதைச் சத்தமாக வாசித்தாள். "எங்கட அம்மா," என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னாள்.

10 நவம்பர்

பக்கத்துத் தெரு வதனி தன் கலியாணப் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தாள். "அன்ரி, மிச்சம் விடாமல் ஒட்ட வெட்டுங்கோ. நான் மெலியப்போறன்."

ஓம் ஓம் என்றேன். இரண்டு அங்குலம் விட்டுத்தான் வெட்டினேன்.